ஒரே இயங்குதளத்தை இரண்டு வன்தட்டுகளில் நிறுவுதல்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக என் மைத்துனர் ஒரு கொமியூனிகேஷன் நடத்துகிறார். போட்டோப் பிரதி, பிரின்ட், பல்கலைக்கழக விண்ணப்பம், கடவுச்சீட்டுப் படிவம் என்று காலை முதல் இரவு வரை அத்தனை வேலையும் ஒரே கணினியில்தான் நடக்கிறது. அது அரை நாள் படுத்துவிட்டால் வந்தவர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். போனவர்கள் திரும்பி வருவார்கள் என்பதும் நிச்சயமில்லை. ஆகையால் ஒரு வன்தட்டில் உள்ள விண்டோஸ் பழுதடைந்தால், கணினியை நிறுத்தி மீண்டும் தொடங்கும் நேரத்துக்குள் இன்னொரு வன்தட்டில் உள்ள அதே விண்டோஸில் வேலையைத் தொடரும்படி செய்து தரவேண்டும் என்று அவர் என்னிடம் கேட்டார். வீட்டுக் கணினியில் கணக்கு வேலைக்கு ஒன்று, பிள்ளைகளின் விளையாட்டுக்கு இன்னொன்று என்று பிரித்து வைத்துக்கொள்ள விரும்புபவர்களுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்.

பாடசாலை ஐ.சி.டி. நூல்கள் ‘பணிசெயல் முறைமை’ என்று குறிப்பிடுவதையே இங்கே ‘இயங்குதளம்’ என்று எழுதுகிறேன். வன்தட்டு என்னும்போது சுழலும் தட்டுள்ள பழைய வகை, சுழலும் பாகமற்ற எஸ்எஸ்டி, தாய்ப்பலகையில் நேரே செருகும் எம்.2 பலகை ஆகிய மூன்றையும் சேர்த்தே சொல்கிறேன். எடுத்துக்காட்டுக்கு விண்டோஸ் 11-ஐ வைத்துக்கொள்வோம்.

முதல் தடவை இந்த வேலையை நான் பிழையாகத்தான் செய்தேன். இரண்டு வன்தட்டுகளையும் கணினியில் பூட்டிய நிலையிலேயே, ஏற்கெனவே விண்டோஸ் இருந்த பழையதைத் தொடாமல், புதியதைத் தெரிவுசெய்து அதில் விண்டோஸை நிறுவினேன். தொடங்கும்போது இரண்டு பெயர்கள் கொண்ட ஒரு நீலத் திரை வந்தது, எதைத் தொட்டாலும் அது வேலை செய்தது, மைத்துனரும் மகிழ்ந்தார். சில மாதங்களின் பின் பழைய வன்தட்டு ‘டிக் டிக்’ என்று சத்தம் போடத் தொடங்கியதால் அதைக் கழற்றினேன். முழு விண்டோஸும் பத்திரமாக உள்ள புதிய வன்தட்டு அதன் பிறகு தொடங்கவே மறுத்துவிட்டது. எந்த ஆபத்துக்காக இரண்டாவதை வைத்தோமோ, அந்த ஆபத்து வந்த அன்றைக்கே அது கைவிட்டது.

காரணம் எளியது. 2010-க்குப் பின் பரவலான யூஈஎஃப்ஐ (இயங்குதளத்துக்கு முன்பே ஓடிக் கணினியை எழுப்பும், தாய்ப்பலகையில் உள்ள மென்பொருள்) வகைக் கணினிகள், மின்சாரம் பெற்றவுடன் விண்டோஸ் கோப்புறையைத் தேடுவதில்லை. ஈஎஃப்ஐ முறைமைப் பகுதி எனப்படும், சாதாரணமாக 100 எம்பி அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பகுதியையே அவை முதலில் தேடுகின்றன. விண்டோஸ் எந்த வன்தட்டில் எந்தப் பகுதியில் இருக்கிறது என்ற குறிப்பு அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். நிறுவும்போது வேறொரு வன்தட்டில் அப்படி ஒரு பகுதி ஏற்கெனவே இருப்பதைக் கண்டால், விண்டோஸின் நிறுவி புதிதாக ஒன்றை உருவாக்காமல் பழையதிலேயே குறிப்பை எழுதிவிட்டுப் போய்விடுகிறது. வீடு புதிது, திறப்போ பழைய வீட்டில் தொங்குகிறது. லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவின் பழைய நிறுவியிலும் இதே குணம் இருந்தது; நாம் ஒரு வன்தட்டைக் காட்டினாலும் அது முதல் வன்தட்டின் ஈஎஃப்ஐ பகுதியிலேயே கொண்டுபோய் எழுதிவிடும்.

ஆகவே இந்த வழிகாட்டியில் மற்றவற்றை மறந்தாலும் ஒன்றை மறக்கக்கூடாது: ஒரு வன்தட்டில் நிறுவும்போது மற்றது கழற்றப்பட்டிருக்க வேண்டும்.

வாங்குவதும் ஆயத்தமும்

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதியுடன் முடிந்துவிட்டதால், புதிதாக நிறுவுவோர் விண்டோஸ் 11-ஐயே நிறுவுவது நல்லது. அதற்கு 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், யூஈஎஃப்ஐ, நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் வசதி, மறையாக்கச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் 2.0 ஆகியவை வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைச் செயலியிலிருந்துதான் அதிகாரபூர்வ ஆதரவு உண்டு. கொழும்பில் விற்கப்படும் ரீகண்டிஷன் அலுவலகக் கணினிகளில் ஆறாம், ஏழாம் தலைமுறைச் செயலிகள் கொண்டவையும் இருக்கின்றன. அவற்றில் குறுக்குவழியால் விண்டோஸ் 11-ஐத் திணிப்பதைவிட லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை இரண்டு வன்தட்டுகளிலும் நிறுவுவதே மேல் என்பது என் எண்ணம். கீழே சொல்லும் ஒழுங்கு அதற்கும் ஏறத்தாழப் பொருந்தும்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கி இரண்டாவது வன்தட்டை வாங்கும்போது, ஏற்கெனவே உள்ளதன் அதே நிறுவனம், அதே மாதிரி, அதே கொள்ளளவு என்று தேடிப் பிடிக்காதீர்கள். தொடங்கும் பட்டியலில் இரண்டுமே ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்ற ஒரே பெயரில்தான் வரும். பக்கத்தில் அச்சாகும் வன்தட்டு மாதிரியின் பெயரைக் கொண்டே எது எது என்று பிரித்தறிய முடியும். இரண்டும் இரட்டைப் பிள்ளைகளாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் தடுமாற வேண்டியதுதான். கொள்ளளவும் வேறுபட்டிருந்தால், நிறுவும்போது தவறான ஒன்றை அழித்துவிடும் ஆபத்து இன்னும் குறையும்.

மேசைக் கணினியில் எம்.2 பலகையைப் பூட்ட எண்ணினால், தாய்ப்பலகையின் கையேட்டை ஒரு தடவை பாருங்கள். சில பலகைகளில் எம்.2 இடத்தை நிரப்பினால், வயர் மூலம் வன்தட்டைப் பூட்டும் சாட்டா இணைப்புகளில் ஒன்று செயலிழந்துவிடும். தெரியாதவர்கள் வன்தட்டு பழுது என்று கடைக்கும் வீட்டுக்கும் அலைவார்கள். மடிகணினியில் இரண்டாவது இடம் இல்லையென்றால், டிவிடி டிரைவைக் கழற்றி அதன் இடத்தில் கேடி எனப்படும் சட்டத்தைப் பொருத்தலாம். அது 9.5 மில்லிமீற்றர், 12.7 மில்லிமீற்றர் என்று இரண்டு தடிப்புகளில் வருவதால், அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

நிறுவும் பென் டிரைவ் குறைந்தது 8 ஜிபி கொண்டதாக இருக்கவேண்டும். மைக்ரோசொப்டின் தளத்திலுள்ள மீடியா கிரியேஷன் டூல் அதை நமக்கே தயாரித்துத் தரும். தரவிறக்கம் 5 ஜிபி-ஐத் தாண்டும் என்பதால் இரவுநேர டேட்டா உள்ளவர்கள் நள்ளிரவுக்குப் பின் வைத்துவிட்டுத் தூங்கலாம். இருக்கும் ஆவணங்களை வெளியே ஒரு வன்தட்டில் பிரதியெடுத்து, அந்தப் பிரதியைத் திறந்தும் பார்த்துவிட்ட பின்னரே அடுத்த படிக்குச் செல்லவேண்டும்.

உரிமம் பற்றியும் சொல்லவேண்டும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் டிஜிட்டல் உரிமம் பெரும்பாலும் தாய்ப்பலகையுடன் பிணைக்கப்பட்டிருப்பதால், அதே கணினியில் அதே பதிப்பை இரண்டாவது வன்தட்டில் நிறுவி இணையத்தில் இணைத்தவுடன் அது தானாகவே செயற்பாட்டுக்கு வந்துவிடும். எனினும் உரிம வாசகம் ஒரு சாதனத்தில் ஒரு பிரதி என்றே சொல்கிறது. தொழில்நுட்பம் தடுக்காததும் ஒப்பந்தம் அனுமதிப்பதும் ஒன்றல்ல. கடைக்கணக்கு ஒழுங்காக இருக்கவேண்டும் என்பவர்கள் இரண்டாவது உரிமம் ஒன்றை வாங்கிக்கொள்ளட்டும். ‘கிராக்’ செய்த பிரதியை நிறுவிவிட்டு அவசரத்துக்கு உதவும் என்று நம்புவது மட்டும் வேண்டாம்.

நிறுவும் ஒழுங்கு

கணினியை நிறுத்தி, சுவரிலுள்ள பிளக்கைக் கழற்றி, கணினியின் பவர் பொத்தானை ஒரு தடவை அழுத்தி மிச்ச மின்னை வெளியேற்றுங்கள். அதன் பின் முதல் வன்தட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் துண்டியுங்கள். சாட்டா வகையானால் தரவு வயரைக் கழற்றினால் போதும், எம்.2 வகையானால் ஒற்றைத் திருகாணியைக் கழற்றிப் பலகையை வெளியே எடுக்கலாம், அல்லது தாய்ப்பலகையின் அமைப்புத் திரையான பயோஸில் அந்த இடத்தையே செயலிழக்கச் செய்ய வழி இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களின் கணினிகளில் திருகாணிகள் உப்புக் காற்றால் துருப்பிடித்திருப்பதைப் பல தடவை கண்டிருக்கிறேன். அவற்றை அவசரப்பட்டுத் திருகித் தலையை மழுக்கிவிடாமல், சரியான அளவுத் திருப்புளியை அழுத்திப் பிடித்து மெதுவாகத் திருகவேண்டும்.

இனி பென் டிரைவைச் செருகி, பூட் பட்டியலைத் திறக்கும் விசையை அழுத்தியபடி கணினியைத் தொடங்குங்கள். டெல், லெனோவா, கிகாபைட் ஆகியவற்றில் பொதுவாக எஃப்12, எச்.பி.யில் எஃப்9, ஏசஸ் தாய்ப்பலகைகளில் எஃப்8, எம்எஸ்ஐ, அஸ்ரொக் ஆகியவற்றில் எஃப்11. பட்டியலில் ஒரே பென் டிரைவ் இரண்டு தடவை காட்டப்படலாம். ‘யூஈஎஃப்ஐ’ என்ற சொல் முன்னால் உள்ளதையே தெரிவுசெய்யுங்கள். மற்றதைத் தெரிவுசெய்தால் நிறுவி, வன்தட்டைப் பகுதி பிரிக்கும் பழைய எம்பிஆர் முறைக்குப் போய்விடும். அந்த முறையில் 2 டிபி-க்கு மேல் பயன்படுத்த முடியாது, இரண்டு வன்தட்டுகள் இரண்டு வெவ்வேறு முறைகளில் அமைந்துவிட்டால் பின்னர் தலைவலியும் மிஞ்சும்.

மொழி, விசைப்பலகை ஆகிய கேள்விகளைக் கடந்து, எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரை வரும்போது ஒரே ஒரு வன்தட்டுதான், பென் டிரைவைத் தவிர, பட்டியலில் இருக்கவேண்டும். இரண்டு தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, கழற்ற மறந்ததைக் கழற்றுங்கள். காலியாக்க வேண்டிய வன்தட்டானால் அதிலுள்ள பழைய பகுதிகளை ஒவ்வொன்றாக அழித்து, முழுவதும் ஒதுக்கப்படாத வெற்றிடமாக ஆனபின், நீங்களாகப் பகுதி பிரிக்காமல் அந்த வெற்றிடத்தையே தெரிவுசெய்து தொடருங்கள். நிறுவி தானாகவே ஈஎஃப்ஐ பகுதி, 16 எம்பி அளவிலான ஒதுக்கீட்டுப் பகுதி, விண்டோஸுக்கான பெரும் பகுதி, மீட்புப் பகுதி ஆகியவற்றை அமைத்துக்கொள்ளும்.

நேர வலயத்தை அமைக்கும்போது சென்னை, கொல்கத்தா என்றுள்ள வரியை விட்டுவிட்டு, ஸ்ரீ ஜயவர்தனபுர என்று தனியாக உள்ளதைத் தெரிவுசெய்யுங்கள். இரண்டும் இன்று கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னேதான். 1996-இல் நம் நாட்டு நேரம் முன்னே தள்ளப்பட்டு 2006 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்குத் திரும்பியதால், நமக்கென்று தனி வரி இருக்கும்போது அதையே வைத்துக்கொள்வது நல்லது.

முதலாவது ஒழுங்காகத் தொடங்கியபின் கணினியை முழுமையாக நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, முதல் வன்தட்டைத் துண்டித்து இரண்டாவதை இணையுங்கள். பின்னர் இதே படிகளை முதலிலிருந்து திரும்பச் செய்யுங்கள். முதலாவதில் ஏற்கெனவே வேலை செய்யும் விண்டோஸ் இருந்தால், இந்த இரண்டாம் பாதியை மட்டும் செய்தால் போதும்.

இப்போது சோதனை. இரண்டாவது மட்டும் இருக்கும் நிலையில் தொடங்கிப் பாருங்கள். முதலாவது மட்டும் இருக்கும் நிலையில் தொடங்கிப் பாருங்கள். கடைசியாக இரண்டையும் பூட்டி, பூட் பட்டியலின் ஊடாக ஒவ்வொன்றிலிருந்தும் தொடங்கிப் பாருங்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் இரண்டு வன்தட்டுகளுக்கும் தனித்தனி ஈஎஃப்ஐ பகுதி தெரியவேண்டும். சில தாய்ப்பலகைகள், கழற்றிய வன்தட்டின் பெயரைத் தம் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, மீண்டும் பூட்டியபின் வேறு வரிசையில் சேர்க்கின்றன. ஆகவே முதன்மையாகத் தொடங்கவேண்டியது எது என்பதைக் கடைசியில் பயோஸில் ஒரு தடவை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நீலத் திரையில் இரண்டு விண்டோஸும் பட்டியலாக வரும்படி செய்ய முடியாதா என்று மைத்துனர் கேட்டார். முடியும், ஆனால் அந்தப் பட்டியல் ஏதாவது ஒரு வன்தட்டில்தான் இருக்கும், அது போனால் பட்டியலும் போய்விடும். எஃப்12-ஐ அழுத்தும் சிரமம் அதற்குக் கொடுக்கும் சிறு விலைதான்.

இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிடாமல் வைத்திருத்தல்

விண்டோஸின் பாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை இரண்டிலும் நிறுத்திவிடவேண்டும். அது இயங்கும்போது ‘ஷட் டவுன்’ என்பது உண்மையில் முழு நிறுத்தம் அல்ல. விண்டோஸின் கரு நினைவகத்திலிருந்து வன்தட்டில் எழுதப்பட்டு உறக்கத்துக்குப் போகிறது, தான் திறந்துவைத்த பகுதிகள் அப்படியே இருக்கின்றன என்ற நம்பிக்கையுடன். இடையில் மற்ற விண்டோஸ் எழுந்து அதே பகுதியில் எழுதிவிட்டால், முதலாவது திரும்பி எழும்போது அதன் கணக்கும் வன்தட்டின் கணக்கும் ஒத்துப்போகாமல் கோப்புகள் சிதையலாம். கன்ட்ரோல் பேனலில் பவர் ஒப்ஷன்ஸ் பகுதியில், பவர் பொத்தான்கள் என்ன செய்யவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பக்கத்தில் இதற்கான அடையாளத்தை எடுத்துவிடலாம். வேலை நடுவில் ஹைபர்நேட் செய்துவிட்டு மறுபக்கம் போவதும் இதே காரணத்தால் கூடாது.

அடுத்த குழப்பம் எழுத்துகள். ஒவ்வொரு விண்டோஸும் தான் இருக்கும் பகுதியை ‘சி’ என்றே அழைக்கும், மற்றதை ‘டி’ என்றோ ‘ஈ’ என்றோ அழைக்கும். இங்கே ‘சி’யாக இருப்பது அங்கே ‘டி’யாக இருப்பதால், இடம் போதவில்லை என்று ‘டி’யிலுள்ள விண்டோஸ் கோப்புறையை அழித்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். பகுதிகளுக்கு ‘கடை ஒன்று’, ‘கடை இரண்டு’ என்று பெயரிட்டு, இரண்டு திரைகளுக்கும் வெவ்வேறு நிறப் பின்னணி வையுங்கள். அதைவிடப் பாதுகாப்பானது, டிஸ்க் மேனேஜ்மென்டில் மற்ற வன்தட்டை ‘ஓப்லைன்’ ஆக்கி, அன்றாட வேலையில் அது கண்ணில் படாதபடி செய்வது. தீநிரல் எதையும் இது உறுதியாகத் தடுக்கும் பூட்டு அல்ல, ஆனால் கைதவறுதலைத் தடுக்கும்.

விண்டோஸ் 11-இன் அண்மைய பதிப்புகள், மைக்ரோசொப்ட் கணக்கால் உள்நுழையும்போது வன்தட்டைத் தானாகவே மறையாக்கம் செய்துவிடக்கூடும். அப்படியானால் பயோஸ் அமைப்பை மாற்றிய பிறகு 48 இலக்க மீட்பு எண் ஒன்று கேட்கப்படலாம். இரண்டு நிறுவல்களுக்கும் இரண்டு எண்கள். இரண்டையும் தாளில் எழுதி, கணினிக்குள் அல்லாமல் வேறெங்காவது வையுங்கள்.

நிறுவியவுடன் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் பலரும் செய்வது. இயங்குதளம் ஒன்றாக இருந்தாலும் மென்பொருள்கள் தாமாகக் குடிபெயர்வதில்லை. பிரின்டர் டிரைவர், ஸ்கேனர், ஆபிஸ், வங்கிக்கான சான்றிதழ் ஆகியவற்றை இரண்டாவதிலும் நிறுவவேண்டும். நம் ஊரில் இதைவிட முக்கியமானது எழுத்துருக்கள். யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துருவான பாமினியில் தட்டச்சு செய்த கல்யாண அழைப்பிதழை, பாமினி இல்லாத விண்டோஸில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத்தான் தெரியும். சிங்களத்துக்குப் பயன்படும் பழைய எஃப்எம் எழுத்துருக்களுக்கும் அதே நிலை. ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் பழகிய கைகளுக்கு அந்த அமைப்பும் இரண்டிலும் வேண்டும்.

இத்தனையும் செய்வதைவிட முதல் வன்தட்டை அப்படியே குளோன், அதாவது முழுப் பிரதி, செய்துவிடலாமே என்று தோன்றும். செய்யலாம், எழுத்துரு முதல் பிரின்டர் வரை எல்லாம் ஒரே அடியாக வந்துசேரும். ஆனால் குளோன் செய்யும் சில மென்பொருள்கள் வன்தட்டின் அடையாள எண்ணையும் பிரதியெடுத்துவிடுகின்றன. ஒரே அடையாளத்துடன் இரண்டைக் கண்டால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கிவைக்கும், நாம் வற்புறுத்தி அதை இயக்கினால் அதன் எண்ணை மாற்றும், எண் மாறினால் அது தொடங்காமலும் போகலாம். ஆகவே குளோன் முடிந்தவுடன் மூலத்தைக் கழற்றிவிட்டே பிரதியை முதல் தடவை தொடங்கவேண்டும். தவிர, மூலத்தில் ஏற்கெனவே கிருமியோ கோளாறோ இருந்தால் அதுவும் சேர்ந்தே வரும் என்பதால், புதிதாக நிறுவுவதையே நான் விரும்புகிறேன்.

என்னைப் போலவே இரண்டையும் பூட்டியபடி நிறுவிவிட்டவர்கள் எல்லாவற்றையும் அழிக்கவேண்டியதில்லை. இரண்டாவது வன்தட்டின் விண்டோஸ் பகுதியைச் சிறிது சுருக்கி, கிடைத்த வெற்றிடத்தில் விண்டோஸிலேயே உள்ள டிஸ்க்பார்ட் கருவியால் ஒரு ஈஎஃப்ஐ பகுதியை உருவாக்கி, அதற்குத் தற்காலிகமாக ஓர் எழுத்தைக் கொடுங்கள். பின்னர் தொடங்கும் கோப்புகளை எழுதித் தரும் பிசிடிபூட் கட்டளைக்கு இரண்டாவது வன்தட்டின் விண்டோஸ் கோப்புறையையும் அந்த எழுத்தையும் காட்டி, யூஈஎஃப்ஐ முறையில் எழுதும்படி சொன்னால், தொடங்கும் கோப்புகள் அங்கே வந்துவிடும். அதன் பின் முதலாவதைக் கழற்றிச் சோதிக்கவேண்டும். மைத்துனரின் கணினியைக் கடைசியில் இப்படித்தான் எழுப்பினேன்.

ஒரே பெட்டிக்குள் இரண்டு வன்தட்டுகள் இருப்பது ஆவணங்களுக்குக் காப்புப் பிரதி ஆகாது என்பதையும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததால் நாடே இருளில் மூழ்கியதாக அமைச்சர் சொன்னார். மின்சாரம் போவதைவிட, அது திரும்பி வரும் கணத்தின் அதிர்ச்சியே கூடுதல் ஆபத்து. ஒரே பவர் சப்ளையில் தொங்கும் இரண்டு வன்தட்டுகளும் ஒரே கணத்தில் போகக்கூடும். ஆவணங்கள் வெளியே ஒரு வன்தட்டிலும் இருக்கவேண்டும், கணினி யூபிஎஸ் ஒன்றின் ஊடாகவே மின் பெறவேண்டும்.

இரண்டாவது விண்டோஸை மாதக்கணக்கில் தூங்கவிட்டால், தேவைப்படும் நாளில் அது முதலில் அப்டேட்களைத் தரவிறக்கத் தொடங்கி, வரிசையில் நிற்பவர்களைக் காத்திருக்க வைக்கும். கடைக்கு நாங்கள் வைத்திருக்கும் ஒழுங்கு, பௌர்ணமி விடுமுறையான போயா நாள்தான். மாதத்துக்கு ஒரு தடவை, கடை மூடியிருக்கும் அன்றைக்கு, மைத்துனர் எஃப்12-ஐ அழுத்தி இரண்டாவதிலிருந்து தொடங்கி, அப்டேட்களை முடித்து, பாமினியில் ஒரு பக்கம் அச்சிட்டுப் பார்த்துவிட்டு, பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியுள்ள தாளில் அன்றைய திகதியை எழுதிவைக்கிறார்.